ஊட்டிக் குளிரில் ஏன் அடிக்கடி வருகிறது? சிறுநீர் உருவாகும் வழி, படிப்படியாக

மேட்டுப்பாளையத்தில் வெயிலோடு கிளம்பி, குன்னூர் தாண்டி ஊட்டியில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி "பாத்ரூம் எங்கே இருக்கு?" என்பதுதான். வரும் வழியிலேயே ரெண்டு தடவை வண்டியை நிறுத்தியிருப்பார்கள். அதே நாள், அதே குளிரில், கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா காலையில் தோட்டத்துக்குள் போனால் மதியம் வரை ஒதுங்க இடம் கிடையாது. அந்தப் பயத்திலேயே தண்ணீர் குடிக்காமல் இருப்பார். சுற்றுலாக்காரரின் சிறுநீர் பச்சைத் தண்ணீர் போல இருக்கும். அக்காவுடையது அடர் மஞ்சளாக, கொஞ்சமாக, சில சமயம் எரிச்சலோடு வரும்.

இவர்கள் இருவரின் சிறுநீரகத்திலும் முதலில் வடிந்து வரும் திரவம் கிட்டத்தட்ட ஒன்றேதான். அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் அதற்கப்புறம், குழாய்க்குள் போகும் வழியில் வருகிறது. நர்சிங் மாணவிகளுக்கு நான் இந்தப் பாடத்தை எடுக்கும்போது இந்த இரண்டு பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு போவேன். இங்கேயும் அப்படியே செய்யலாம். பிளஸ் ஒன் விலங்கியல் படிக்கிறவர்களுக்கும், லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கும் இது உதவும்.

புறப்படும் முன்: வழி எப்படிப் போகிறது

ஒரு சிறுநீரகம் சுமார் 150 கிராம். அதற்குள் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு நீண்ட மெல்லிய குழல். அதன் ஒரு முனையில் பௌமானின் கிண்ணம், அதற்குள் கிளாமருலஸ் என்ற இரத்த நுண்நாள முடிச்சு. கிண்ணத்திலிருந்து கிளம்பும் குழல் முதலில் சுருண்டு சுருண்டு போகும்: அண்மைச் சுருள் நுண்குழல். பிறகு நேராக ஆழத்துக்கு இறங்கி, திரும்பி, மேலே ஏறும்: ஹென்லே வளைவு. மேலே வந்ததும் மறுபடி சுருளும்: சேய்மைச் சுருள் நுண்குழல். கடைசியில் பல குழல்கள் சேர்ந்து ஒரு சேகரிப்பு நாளத்தில் கலந்து கீழே இறங்கும்.

சுருள்கள் இருக்கும் வெளிப்பகுதி புறணி. வளைவும் சேகரிப்பு நாளமும் இறங்கும் உள்பகுதி அகணி. இந்த இரண்டு இடங்களையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நான்காவது படியில் இது இல்லாமல் ஒன்றும் புரியாது.

படி 1: எல்லாவற்றையும் வெளியே விடுவது

நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான இரத்தம் இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிளாமருலஸுக்குள் நுழையும் நாளத்தைவிட வெளியேறும் நாளம் குறுகல். அதனால் உள்ளே அழுத்தம் 60 மி.மீ. பாதரசம் அளவுக்கு இருக்கிறது. இரத்தப் புரதங்கள் 32 அளவுக்குத் தண்ணீரைத் திரும்ப இழுக்கின்றன. கிண்ணத்துக்குள் இருக்கும் திரவம் 18 அளவுக்கு எதிர்த்துத் தள்ளுகிறது. மீதி 10. அந்தப் பத்து மி.மீ. அழுத்தம்தான் நாள் முழுக்க வடிகட்டும் வேலையைச் செய்கிறது.

வடிந்து வருவது நிமிடத்துக்கு சுமார் 125 மி.லி., ஒரு நாளைக்கு 180 லிட்டர். நம் உடலில் இருக்கும் பிளாஸ்மாவே மூன்று லிட்டர்தான். அப்படியென்றால் அது ஒரே நாளில் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் தங்கிவிடும். குளுக்கோஸ், அமினோ அமிலம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு எல்லாமே வெளியே வந்துவிடும், நல்லது கெட்டது பார்க்காமல்.

பலர் தலைகீழாக நினைப்பது இந்த இடத்தில்தான். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து கழிவைப் பொறுக்கி எடுக்கிறது என்று நினைப்பார்கள். அப்படிப் பொறுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நச்சுக்கும் ஒரு தனி வழி வேண்டும். நாளைக்கு நாம் புதிதாக ஒரு மாத்திரை விழுங்கினால் அதற்கு என்ன செய்வது? சிறுநீரகம் அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, உடலுக்கு வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எடுக்காமல் விட்டது சிறுநீர். கொட்டுவது சுலபம், அதற்கு அழுத்தம் போதும். மீட்பதுதான் வேலை. உடல் எடையில் அரை சதவீதம் மட்டுமே இருக்கும் சிறுநீரகங்கள் தங்கள் எடைக்குப் பொருந்தாத அளவு ஆக்ஸிஜனைச் செலவழிப்பது இந்த மீட்பு வேலைக்காகத்தான்.

படி 2: அண்மைச் சுருளில் மொத்தக் கொள்முதல்

180 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு இந்த முதல் சுருளிலேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. இங்கே செல்களின் உள்முகத்தில் லட்சக்கணக்கான நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள், செல்களுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா நிறைய. உறிஞ்சும் பரப்பும் வேண்டும், சக்தியும் வேண்டும் அல்லவா?

எல்லாவற்றுக்கும் அடியில் இயங்குவது ஒரே ஒரு பம்ப். செல்லின் பின்பக்கத்தில், அதாவது இரத்தத்தைப் பார்த்த பக்கத்தில், சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். 1957-ல் இதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பம்ப் ஓயாமல் சோடியத்தை வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் குறைந்தே இருக்கும். குழலில் இருக்கும் சோடியம் தானாக உள்ளே பாயும். பாயும்போது சும்மா வராது, யாரையாவது கூட்டிக்கொண்டு வரும், அல்லது யாரையாவது வெளியே அனுப்பிவிட்டு வரும்.

கூட வருகிறவர்களில் முக்கியமானவர் குளுக்கோஸ். ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் வடிகட்டப்பட்டு வெளியே வருகிறது. ஆரோக்கியமானவரின் சிறுநீரில் அது கிட்டத்தட்ட பூஜ்யம். எஸ்ஜிஎல்டி 2 என்ற கடத்திப் புரதம் சுருளின் தொடக்கத்திலேயே சுமார் 90 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். தப்பியதை எஸ்ஜிஎல்டி 1 பின்னால் பிடிக்கும். ஆனால் கடத்திகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டும்போது கடத்திகளுக்குக் கை நிறையத் தொடங்கி, மிச்சம் சிறுநீரில் போகத் தொடங்கும். குழலில் தங்கிய சர்க்கரை தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயில் அடிக்கடி சிறுநீர் போகிறது.

இப்போது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் எழுதிக் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் இந்த எஸ்ஜிஎல்டி 2-ஐத்தான் தடுக்கின்றன. இவற்றின் மூதாதை ஃப்ளோரிசின். ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுத்த பொருள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தே தீரும், மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ரிப்போர்ட்டில் "சுகர் +++" பார்த்துவிட்டுத் தானாக மாத்திரையைக் கூட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

பைகார்பனேட்டின் கதை இன்னும் சுவாரஸ்யம். அதற்கு நேரடியாகச் செல்லுக்குள் வர வாசல் இல்லை. சோடியம் உள்ளே வரும்போது பதிலுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி குழலுக்குள் போகிறது. அது அங்கிருக்கும் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியால் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் உடைகிறது. கார்பன் டை ஆக்சைடு சுவரைத் தாண்டி உள்ளே வந்து, மறுபடி பைகார்பனேட்டாக மாறி இரத்தத்துக்குப் போகிறது. வடிந்த பைகார்பனேட்டில் 80 சதவீதத்துக்கு மேல் இப்படி வேஷம் மாறி ஊர் திரும்புகிறது. இமயமலை ஏறுகிறவர்கள் சாப்பிடும் அசெட்டசோலமைடு மாத்திரை இந்த நொதியைத்தான் தடுக்கிறது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்துக்குப் பொதுவாக அது தேவைப்படாது.

இவ்வளவும் உள்ளே போனபின் தண்ணீரும் பின்னாலேயே போகும். உப்பும் தண்ணீரும் சம விகிதத்தில் போவதால், சுருளின் முடிவில் அளவு குறைந்திருக்குமே தவிர அடர்த்தி மாறியிருக்காது. உள்ளே வந்தபோது லிட்டருக்குச் சுமார் 300 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை எண்ணும் அலகு), வெளியேறும்போதும் அதே 300. யூரியாவில் பாதி தானாகத் திரும்பிவிடும். கிரியாட்டினினை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அதனால்தான் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினால் வடிகட்டல் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்.

மிச்சம் சுமார் 60 லிட்டர். நம் சுற்றுலாக்காரருக்கும் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கும் இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை.

படி 3: சில பொருட்களை வேண்டுமென்றே தள்ளுவது

வடிகட்டலில் தப்பியவற்றை இரத்தத்திலிருந்து நேரடியாகக் குழலுக்குள் தள்ளும் வேலையும் இந்தச் சுருளில் நடக்கிறது. யூரிக் அமிலம், பல மருந்துகள் இப்படிப் போகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சிலின் அரிதாக இருந்தபோது, சில மணி நேரத்தில் அது சிறுநீரில் போய்விடுவது பெரிய தலைவலி. நோயாளியின் சிறுநீரிலிருந்தே பென்சிலினைத் திரும்பப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் இந்தத் தள்ளலைத் தடுக்க புரோபெனிசிட் என்ற மருந்து வந்தது. இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல அதிகம் இல்லை.

படி 4: ஹென்லே வளைவு

பாடத்தில் எல்லோரும் பயப்படும் இடம். யாக்கோப் ஹென்லே 1862-ல் இதை விவரித்தார். இது எதற்கு என்று புரிய இன்னும் எண்பது ஆண்டுகள் ஆனது. வெர்னர் கூன் 1942-ல்தான் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வண்டியும் ஏறும் வண்டியும் எதிரெதிர்த் திசையில், ஆனால் மிக அருகருகே போகின்றன. ஹென்லே வளைவும் அப்படித்தான்: ஒரு கை இறங்குகிறது, ஒரு கை ஏறுகிறது, நடுவில் கொஞ்சம் இடைவெளித் திசு. இந்த நெருக்கம்தான் விஷயம்.

இரண்டு கைகளுக்கும் இரண்டு குணம். இறங்கும் கையில் தண்ணீர் தாராளமாக வெளியே போகும், உப்பு போகாது. ஏறும் கையின் தடித்த பகுதியில் நேர்மாறு: உப்பைப் பம்ப் செய்து வெளியே தள்ளும், தண்ணீருக்கு வழியே கிடையாது.

இனி மெதுவாக, ஒவ்வொரு அடியாகப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லா இடத்திலும் அடர்த்தி 300 என்று வைத்துக்கொள்வோம். ஏறும் கை உப்பை வெளியே தள்ளுகிறது. எந்த ஒரு மட்டத்திலும் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 200 வித்தியாசம் வரைதான் அதனால் உண்டாக்க முடியும். ஆக உள்ளே 200, வெளியே 400. வெளியே 400 ஆனதும் இறங்கும் கையிலிருந்து தண்ணீர் வெளியேறி அதுவும் 400 ஆகிறது. மேலிருந்து புதுத் திரவம் வந்து இதைத் தள்ள, 400 ஆன திரவம் வளைவைச் சுற்றி ஏறும் கையின் அடிக்கு வருகிறது. இப்போது ஏறும் கை தொடங்குவதே 400-ல். அதிலிருந்து உப்பைத் தள்ளினால் உள்ளே 300, வெளியே 500. இறங்கும் கையும் 500 ஆகும். அதுவும் தள்ளப்பட்டு வளைவைச் சுற்றி வரும்.

ஒரு மட்டத்தில் வெறும் 200 தான் முடியும். ஆனால் திரும்பத் திரும்ப இது நடக்கும்போது அகணியின் அடி ஆழத்தில் அடர்த்தி 1,200 வரை ஏறிவிடுகிறது. காகிதத்தில் ஒரு தடவை கட்டம் போட்டு இந்த எண்களை நீங்களே நிரப்பிப் பாருங்கள். படித்து மட்டும் புரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த 1,200-ல் பாதி அளவுக்கு யூரியாவின் பங்கு. சேகரிப்பு நாளத்தின் அடியிலிருந்து யூரியா அகணிக்குள் கசிந்து தேங்குகிறது. ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிடுகிற வீட்டில், அவரையின் புரதம் உடைந்து வரும் யூரியா இங்கே ஒரு வேலைக்கு ஆகிறது. புரதமே சாப்பிடாதவரின் சிறுநீரகத்தால் சிறுநீரை அந்த அளவுக்குக் கெட்டியாக்க முடிவதில்லை. கழிவு என்று நாம் ஒதுக்கும் பொருளையும் சிறுநீரகம் சும்மா விடுவதில்லை.

இவ்வளவு உப்பு சேர்ந்த இடத்தில் இரத்தம் ஓடினால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடாதா? நல்ல கேள்வி. அங்கே ஓடும் இரத்த நுண்நாளங்களும் அதே வளைவு வடிவத்தில் இறங்கி ஏறுகின்றன. இறங்கும்போது வாங்கிய உப்பை ஏறும்போது திருப்பிக் கொடுத்துவிடுகின்றன.

வடிந்த சோடியத்தில் சுமார் 25 சதவீதம் இந்தத் தடித்த கையில் மீட்கப்படுகிறது. ஃபுரோசமைடு, அதாவது ஊரெல்லாம் தெரிந்த லேசிக்ஸ், தடுப்பது இந்த உப்பு வழியைத்தான். உப்பு குழலில் தங்கும், அகணியின் அடர்த்தி சரியும், தண்ணீரை மீட்க வழியிருக்காது. கால் வீக்கம் வடிவது அப்படித்தான். பொட்டாசியமும் சேர்ந்து போவதால்தான் இரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள்.

வளைவைத் தாண்டி மேலே வரும்போது திரவம் சுமார் 36 லிட்டர். அடர்த்தி 100 தான், இரத்தத்தைவிட நீர்த்தது. அகணியில் இவ்வளவு உப்பைக் குவித்துவிட்டு, திரவம் நீர்த்துப் போய் வெளியே வருகிறது! குவித்ததன் பலன் கடைசிப் படியில் தெரியும்.

படி 5: சேய்மைச் சுருள்

இங்கே இன்னும் சுமார் 5 சதவீதம் சோடியம் திரும்புகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் தடுப்பது இதை. பாராதைராய்டு ஹார்மோன் சொன்னால் கால்சியமும் மீட்கப்படும். தயசைடு மாத்திரை சிறுநீரில் கால்சியத்தைக் குறைப்பதால், திரும்பத் திரும்பக் கால்சியக் கல் வருகிறவர்களுக்கும் அதைக் கொடுப்பதுண்டு.

சுருள் தொடங்கும் இடத்தில் குழல் தன் சொந்தக் கிளாமருலஸைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கே இருக்கும் செல்கள் வந்து சேர்ந்த உப்பின் அளவைப் பார்க்கும். குறைவாக இருந்தால் ரெனின் என்ற நொதி சுரக்கும். அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின், பிறகு அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன். அந்த ஆல்டோஸ்டீரோன் அடுத்த பகுதியில் சோடியத்தை இழுத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்லும்.

படி 6: சேகரிப்பு நாளம், முடிவு எடுக்கும் இடம்

இங்கேதான் நம் இரண்டு பேரும் பிரிகிறார்கள்.

சேகரிப்பு நாளம் புறணியிலிருந்து அகணியின் அடிவரை, உப்பு குவிந்த அந்த 1,200 பகுதி வழியாக இறங்குகிறது. அதன் சுவரில் தண்ணீர் போக வாசல் இருந்தால், வெளியே உள்ள உப்பு தண்ணீரை இழுத்துவிடும். வாசல் இல்லையென்றால் நீர்த்த திரவம் அப்படியே கீழே போய்விடும். வாசலின் பெயர் அக்குவாபோரின். இந்தக் குடும்பத்தின் முதல் புரதத்தை 1990-களின் தொடக்கத்தில் அடையாளம் கண்ட பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. இங்கே இருப்பது இரண்டாம் வகை. அது செல்லுக்குள் சிறு பைகளில் தயாராகக் காத்திருக்கும். மூளையின் பிட்யூட்டரியிலிருந்து ஏடிஎச் என்ற ஹார்மோன் வந்தால் பைகள் மேற்பரப்புக்கு வந்து ஒட்டி, வாசல் திறக்கும். ஹார்மோன் குறைந்தால் திரும்ப உள்ளே போய்விடும்.

கொழுந்து பறிக்கும் அக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் வேலை. இரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டியானாலே மூளைக்குத் தெரிந்துவிடும். ஏடிஎச் ஏறும், வாசல்கள் திறக்கும், தண்ணீர் பெருமளவு திரும்பும். சிறுநீர் 1,200 வரை கெட்டியாகலாம். அதற்கு மேல் மனிதச் சிறுநீரகத்தால் முடியாது. ஒரு நாளில் வெளியேற்ற வேண்டிய கரைபொருள் சுமார் 600 மில்லிஆஸ்மோல். ஆக எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அரை லிட்டர் சிறுநீர் போயே ஆக வேண்டும். குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது, அது இன்னொரு சிக்கல். இந்த நிலைமை வருஷக்கணக்கில் போனால் கல்லுக்கும் நோய்த்தொற்றுக்கும் இடம் கொடுக்கும். அக்காவிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம். பறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை இருந்தால்தான் மீதிப் பாதி.

சுற்றுலாக்காரருக்கு நடப்பது வேறு. குளிர் பட்டதும் தோலின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. அங்கிருந்த இரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு வருகிறது. இதயத்தின் மேலறைகள் விரிய, உடல் "திரவம் அதிகமாகிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறது. ஏடிஎச் குறைகிறது. இதயத்திலிருந்து ஏஎன்பி என்ற ஹார்மோன் சுரந்து சோடியத்தையும் வெளியே அனுப்பச் சொல்கிறது. வாசல்கள் மூடுகின்றன. கூடவே, கீழே கோயம்புத்தூரில் வியர்வையாகப் போன தண்ணீர் இங்கே போகவில்லை. ஆனால் குடித்த அளவு குறையவில்லை. வழியெல்லாம் டீ வேறு. டீயிலுள்ள காஃபீன் சோடியம் மீட்பைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் தினமும் டீ குடித்துப் பழகியவருக்கு அந்த விளைவு சொற்பம். எனவே பழியை டீ மேல் போடாதீர்கள், அதற்குள் இருக்கும் தண்ணீரின் மேலும் குளிரின் மேலும் போடுங்கள். அதோடு மது சேர்ந்தால் கதை மாறும். அது ஏடிஎச் சுரப்பையே அடக்கும்.

அமிலச் சமநிலைக்கான கடைசித் திருத்தமும் இந்த நாளத்தில்தான். இடையிடையே இருக்கும் சில செல்கள் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். இறுதியில் பழைய இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து வந்த யூரோபிலின் கொடுக்கும் மஞ்சளோடு, சிறுநீர் நாளம் வழியாகப் பைக்குப் போகிறது. 180 லிட்டரில் மிஞ்சியது ஒன்று முதல் இரண்டு லிட்டர்.

ரிப்போர்ட்டில் இதை எப்படிப் படிப்பது

லேபில் சிறுநீரில் முக்கும் அந்த மெல்லிய பட்டையைக் கவனித்திருப்பீர்கள். அதில் ஒப்படர்த்திக்கு, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு கெட்டி என்பதற்கு, ஒரு கட்டம் உண்டு. நீர்த்த சிறுநீரில் அது அடர் நீலப்பச்சையாகவே இருக்கும், கெட்டியாக ஆகப் பச்சை, பிறகு மஞ்சள். சுற்றுலாக்காரருக்கு 1.005 பக்கம் வரும், அக்காவுக்கு 1.030. இரண்டுமே நோய் இல்லை. இரண்டும் குழல்கள் வேலை செய்கின்றன என்பதற்கான சாட்சி. சர்க்கரைக் கட்டம் நிறம் மாறினால் இரண்டாம் படியை நினைத்துக்கொள்ளுங்கள், புரதக் கட்டம் மாறினால் முதல் படியை.

கவலைப்பட வேண்டியது வேறு ஓர் எண்: 1.010. ஒரே ஒரு தடவை வந்தால் ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், காலையிலும் மாலையிலும் அந்த எண்ணிலேயே நின்றால், வடிந்த திரவத்தை நீர்க்கச் செய்யவும் முடியவில்லை, கெட்டியாக்கவும் முடியவில்லை என்று பொருள். நான்காம் படியும் ஆறாம் படியும் கை விட்டுவிட்டன. இரவில் புதிதாக ரெண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருப்பதும் இதன் தொடக்க அடையாளமாக இருக்கலாம். அப்போது குளிரைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல், கிரியாட்டினினும் இரத்த அழுத்தமும் பார்த்துவிட வேண்டும்.